பப்பாளிக்கு வந்த பரு

கெலேப்பியின் முகத்தில் ஒரு பரு கிடையாது. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருப்பான். அப்படிப்பட்டவன் மருந்துக்கடைக்குள் வந்து, மற்ற ஆட்கள் போகும்வரை பற்பசை டப்பாக்களை வேதாகமம் போல எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றான். கடை காலியானதும் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தி, "மேடம், பருவுக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்றான்.

லவீனியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எங்க இருக்கு பரு?"

கெலேப்பி நெற்றியைத் தொட்டான். பிறகு யோசித்து மூக்கைத் தொட்டான். அதற்கப்புறம் தாடையின் வலது பக்கம் கைவைத்து, "சே, இல்ல" என்று இடது பக்கத்துக்கு மாற்றினான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். சொந்த முகத்தில் பரு எங்கே இருக்கிறது என்று நினைவு வராத மனிதனை லவீனியா அன்றுதான் பார்த்தாள்.

எங்கள் தீவுத் துறைமுக ஊரான நெயாஃபுவில் பரு என்றால் லவீனியாதான். ஃபிஜிக்குப் போய் மருந்தாளர் படிப்புப் படித்துவிட்டு வந்தவள். ஆனால் அந்தப் படிப்பில் இதெல்லாம் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். வாசலில் ஆள் நுழையும்போதே முகத்தைப் பார்த்து வண்டவாளத்தைச் சொல்லிவிடுவாள். துறைமுகத்துப் போலீஸ்காரருக்குத் தாடையோரம் வரிசையாகச் செம்பரு. தொப்பி வார் உரசுகிறது, அதைக் கழுவிப் பத்து மாமாங்கம் ஆகிறது. போதகரின் மகளுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் சின்னச் சின்ன வெண்முள். போனைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டே தூங்குகிறாள். யாரோடு பேசுகிறாள் என்பது மருந்துக்கடையின் கவலை இல்லை. கவா என்னும் போதை வேர்ச்சாற்றைக் குடித்துக் குடித்துத் தோல் மீன்செதிலாக உரிந்தவர்கள் "பரு" என்று வந்து நின்றால், "இது பரு இல்ல, உங்க வீட்டுக் கவாச் சட்டி. அதக் கழுவிக் கவுத்துங்க, தானா சரியாப் போயிடும்" என்று திருப்பி அனுப்புவாள்.

அவள் கன்னங்களிலும் அடையாளம் உண்டு. இரண்டு பக்கமும் குழிகுழியாக, தூறல் விழுந்த மணல்போல இருக்கும். காலையில் பவுடரைப் பூசி நிரப்புவாள். மத்தியான வெயிலில் பவுடர் இறங்கிவிடும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, யாரும் அவளிடம் கேட்டதும் இல்லை.

கெலேப்பி யாருக்காக வந்திருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். கெலேப்பியும் அவள் தம்பி ஃபெலேத்தியும் நகமும் சதையும். இரண்டு பேருமே சபை பேண்டு வாத்தியத்தில் இருப்பவர்கள். கெலேப்பி பெரிய மேளம், ஃபெலேத்தி டிரம்பெட். கொஞ்ச நாளாகவே வளவின் கோடியிலிருந்து வரும் டிரம்பெட் ஓசையில் கோளாறு. கீழ் சுரங்களெல்லாம் கம்பீரமாக வரும்; மேலே ஏறும்போது கழுத்தை நெரித்த சேவலாகிவிடும். மேல் சுரத்துக்கு உதட்டை அழுத்த வேண்டும். அழுத்துகிற இடத்தில் வலிக்கிறது. உதட்டோரம் ஏதோ வந்திருக்கிறது. தம்பியின் பருவைக் கண்ணால் பார்க்காமல் காதால் கண்டுபிடித்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்திருக்கலாமே, ஒரே வளவுதானே என்று கேட்கக் கூடாது. எங்கள் தீவுகளில் மீசை முளைத்த தம்பியும் அக்காவும் ஒரு கூரைக்கு அடியில் படுப்பதில்லை. அவனுக்கு வளவின் கோடியில் தனிக் குடிசை. ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்ப்பதில்லை. டிவியில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு உடனே தாகம் எடுத்துவிடும், எழுந்து போய்விடுவார். உடம்பைப் பற்றியோ வாயைத் திறக்கவே கூடாது. வெறுப்பெல்லாம் இல்லை, மரியாதை. தம்பியைவிட அக்கா எப்போதும் ஒரு படி உசத்தி. உசத்தியான ஒருத்தியிடம் போய், "என் தாடையில சீழ் வச்சிருக்கு" என்று எந்தத் தம்பி சொல்வான்?

ஊரில் பருவுக்கு மருந்து விற்கும் கடை ஒன்றே ஒன்று. அந்தக் கடையில் பருவைத் தெரிந்தவள் ஒருத்தியே ஒருத்தி. அவளிடம் அதைப் பற்றிப் பேச முடியாதவன் ஊர் முழுவதிலும் ஒருவன்தான். அவனுக்குத்தான் பரு வந்தது. ஆண்டவருக்கும் சில சமயம் குறும்பு வந்துவிடுகிறது.

"கெலேப்பி," என்றாள் லவீனியா. "பருவுல பல தினுசு இருக்கு. எது எங்க இருக்குன்னு சரியாச் சொல்லாம மருந்து தரமாட்டேன். போய் நல்லாப் பாத்துட்டு வா."

"எதப் பாக்க?"

"உன் மூஞ்சியத்தான். கண்ணாடி இல்லையா உங்க வீட்டுல?"

"இருக்கு மேடம்," என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டுப் போனான். அவளை அவன் மேடம் என்று கூப்பிடுவதற்கும் காரணம் இருந்தது. வாய்தவறி அக்கா என்று அழைத்துவிட்டால் அவனும் தம்பியாகிவிடுவான். அப்புறம் இந்தப் பேச்சை அவனாலும் பேச முடியாது. நல்லவேளையாக இரண்டு குடும்பத்துக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. நெயாஃபுவில் அது அதிசயம்.

மறுநாள் கெலேப்பி ஒரு பப்பாளியோடு வந்தான்.

துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். துண்டை விலக்கியதும் லவீனியாவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. இருமுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

பப்பாளிக்குக் கரியால் கண்ணும் மூக்கும் போட்டிருந்தது. மூக்கின்மேல் மிளகுபோல் பப்பாளி விதைகள். நெற்றியில் அரிசிமணிகள் ஒரே வரிசையாக. வாயைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு மிளகாய்த் துணுக்குகள். எல்லாம் சீமைப்பலாப் பால் தடவி ஒட்டியது, கவிழ்த்தாலும் விழாது.

"எது தலை, எது தாடை?"

"காம்பு இருக்கிற பக்கம் தலை மேடம்."

"இதுக்கு என்ன வயசு?"

"பதினெட்டு. இல்ல, எனக்கு இருபது. பப்பாளிக்கு… அது போன வாரம் பழுத்தது."

லவீனியா பப்பாளியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. விரலால் தடவிக்கொண்டே வந்தவள் தாடைப் பக்கம் வந்ததும் நின்றாள். மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை, ஆனால் தோலுக்கு அடியில் என்னவோ உருண்டது. கீறி, உள்ளே ஒரு கூழாங்கல்லைச் செருகி, கீறலை மறுபடி ஒட்டியிருந்தான். தலையில்லாத கட்டி. ஆழத்தில் இருப்பது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

அந்தக் கல்லுக்குக் கீழே, மோவாயில், கத்திமுனையால் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தது. அது பரு இல்லை. ஃபெலேத்தி ஆறு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தபோது மோவாய் கிழிந்த தழும்பு. அன்றைக்கு இரத்தத்தைத் துடைத்தவள் லவீனியாதான். ஆனால் அது இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம் இருந்தது. தம்பிப் பயலே கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறான். பழைய தழும்பைக்கூட விடாமல் வைத்திருக்கிறான் பாவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். முழு முகத்தையே பப்பாளியில் காட்டிவிட்டு மறைக்கப் பார்க்கிறான்!

"நல்லாக் கேட்டுக்க," என்றாள் பப்பாளியைப் பார்த்து. "மூக்குல இருக்கிற கருமுள் ஒண்ணுமில்ல, அழுக்கும் எண்ணெயும் வாசல்ல நின்னு காத்து வாங்குது. சோப்புப் போட்டா போயிடும். நெத்தியில இந்த அரிசி வரிசை தேங்காயெண்ணெயால வந்தது. பேண்டுல பளபளன்னு நிக்கணும்னு தலையில ஊத்திக்கிறது. அதக் குறைக்கணும். வாயச் சுத்தி செம்பரு, அது எதையோ வாயில வச்சு அழுத்துறதால."

"மேளத்த வாயில வைக்க மாட்டேனே மேடம்."

"அப்ப நீ எத வைக்கிறியோ அதக் கழுவு."

கெலேப்பி தலையாட்டினான்.

"தாடையில இருக்கிறது மட்டும் வேற சாதி. அது உள்கட்டி. வாய் இல்லாதது. அதப் பிதுக்கினா வெளிய வராது, உள்ள வெடிக்கும். அதத் தொடவே கூடாது. குளிர்ந்த துணி வச்சு ஒத்து. ஆஸ்பத்திரி டாக்டரப் பாத்து மாத்திரை வாங்கு. மத்ததுக்கு இந்தக் களிம்பு. ராத்திரி ஒரு பயறு அளவு, மெல்லிசா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது." கைநீட்டினான்.

இந்த இடத்தில்தான் லவீனியாவுக்குப் புத்தி கோணியது. மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் தட்டுமாதிரி இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"இப்பவே, எம் முன்னாடியே பூசிக்க."

"நானா?"

"உன் பருதானே?"

கெலேப்பி சபைக்கு ஒழுங்காகப் போகிற பையன். பொய் சொன்னதே பெரிய விஷயம்; பொய்யைக் காப்பாற்றாமல் விடுவது அதைவிடப் பெரிய விஷயம். பயறு அளவு என்று சொன்னதை மறந்து, வெண்ணெய் தடவுவதுபோல் நெற்றிமுதல் கழுத்துவரை பூசிக்கொண்டான். லவீனியா தடுக்கவில்லை. அவன் வெள்ளைப் பிசாசாக வெளியே போனதும் மேஜைக்கடியில் குனிந்து கண்ணில் நீர்வரச் சிரித்தாள். விளையாட்டு வினையாகும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும்தான் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கெலேப்பி வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. முகம் அவித்த நண்டாகச் சிவந்து, நெற்றியில் தோல் வெங்காயச் சருகாக உரிந்து தொங்கியது. பெரியப்பா இறந்த துக்கத்துக்கு அவன் போட்டிருந்த கருப்புச் சட்டை, களிம்பு பட்ட கழுத்துப்பட்டியில் ஆரஞ்சு நிறமாக வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஃபெலேத்தி நின்றான். டிரம்பெட்டை இறக்கும் நேரமெல்லாம் கைக்குட்டையால் தாடையை மூடிக்கொண்டான். லவீனியா பாட்டுப் புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆனால் மேல் சுரம் வரும் இடத்தில் டிரம்பெட் ஒரேயடியாக நின்றுபோனதும், மேளக்காரன் அந்த இடத்தை ஓங்கி ஓங்கி அடித்து மூடியதும் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கெலேப்பி வந்தான். பற்பசையையெல்லாம் படிக்கவில்லை. நேராக வந்து மேஜையில் கைகளை ஊன்றினான்.

"மேடம், இனிமே பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல. பரு எனக்கில்ல."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுதான் பூசச் சொன்னீங்களா?"

லவீனியா களிம்பு டப்பாக்களைத் திருப்பி அடுக்கினாள்.

"அவன் என் மூஞ்சியப் பாத்தான். 'பரு இல்லாதவனுக்கே இந்தக் கதின்னா எனக்கு மூஞ்சியே மிஞ்சாது'ன்னுட்டு டியூபக் கழிப்பறைக்குழியில எறிஞ்சுட்டான். டாக்டர்கிட்டயும் போகமாட்டானாம், அவரும் இதத்தான் தருவார்னு. சபை மாநாடு வருது, அவன் தனியா வாசிக்கணும். அந்தக் கட்டி ராத்திரி எல்லாம் தூங்கவிடலியாம். நேத்து உங்கப்பா எலுமிச்ச முள்ளு ஒண்ணு ஒடிச்சுக் கொடுத்திருக்காரு. 'ஆம்பளைங்க வைத்தியம் இதுதான்டா'ன்னு. இன்னிக்கு ஒத்திகை முடிஞ்சதும் குத்தப் போறோம். நான்தான் தலையப் புடிச்சுக்கணும்."

"புடிக்கமாட்டேன்னு சொல்லு!"

"சத்தியம் பண்ணிட்டேன் மேடம். நான் புடிக்கலைன்னா அவனே குத்திக்குவான். கண்ணாடியப் பாத்துக் குத்துவான். அவனுக்கு வலது இடதே தெரியாது."

கெலேப்பி போனபிறகு லவீனியா இருமல் மருந்தைக் கேட்டவருக்கு வயிற்றுப்போக்கு மருந்தைக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. அவர் முகமே பவழப்பாறை. அந்த முள்ளால்தான் அப்படி ஆனது, அதில் அவருக்குப் பெருமை வேறு. அம்மா ஆக்லாந்தில் பெரிய மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். நடுவில் தூது வந்த ஒருவனையும் லவீனியாவே தோலுரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பையெல்லாம் நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகம். இன்றைக்கு அந்த முள் இறங்கினால் அவன் கன்னமும் அவள் கன்னமாகிவிடும்.

கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மேட்டில் ஏறும்போதே ஒத்திகை முடிந்து பையன்கள் கலைவது தெரிந்தது. வெயில் இறங்கியிருந்தாலும் வெளிச்சம் நன்றாக இருந்தது. வளவின் கோடியில் குடிசைக் கதவு சாத்தியிருந்தது; உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. கதவைத் தட்டலாமா? தட்டி என்ன சொல்வது? அவள் குரலை அந்தக் கதவுக்கு அருகில் கேட்டாலே அவன் பின் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுவான்.

குடிசைக்கு முன்னால் சீமைப்பலா மரத்தில் ஒரு பன்றி கட்டியிருந்தது. மாநாட்டு விருந்துக்காக ஒதுக்கி வளர்த்த கொழுத்த பன்றி. லவீனியா அதன் எதிரில், குடிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தேங்காய்மட்டைமேல் உட்கார்ந்தாள். நேராகச் சொல்ல முடியாததைச் சாடையாகச் சொல்வது எங்களுக்குக் கைவந்த கலை. எங்கள் பாட்டுகளில் பாதி அப்படித்தான். பூவைப் பாடினால் பெண், புயலைப் பாடினால் மாமியார். ஆனால் பன்றியை வைத்து யாரும் இதுவரை செய்ததில்லை.

"ஏய் பன்னி," என்றாள் குரலை உயர்த்தி. "உன் தாடையில ஒண்ணு வந்திருக்காமே?"

பன்றி அவளைப் பார்த்தது. குடிசைக்குள் நடமாட்டம் நின்றது.

"அத முள்ள வச்சுக் குத்தப் போறியாமே? குத்து, குத்து. உன் மூஞ்சி, உன் முள்ளு. எனக்கென்ன வந்தது? ஆனா கேட்டுட்டுக் குத்துடா பன்னி."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சாலோமே எட்டிப் பார்த்தாள். "லவீனியா, யாருகிட்டம்மா பேசுற?"

"பன்னிகிட்ட."

"பன்னி என்ன பண்ணுச்சு?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல. அதான் பேசிட்டிருக்கேன்."

சாலோமே துணிகளை மெதுவாக, ஒவ்வொன்றாக, மடிக்கத் தொடங்கினாள். இனி ஊர் வாயை மூட முடியாது. லவீனியாவுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

"பரு போனதுக்கு அப்புறம் அது விட்டுட்டுப் போற அடையாளத்துலயும் தினுசு இருக்குடா பன்னி. சிலது கறை மட்டும் விடும். கருப்பா, இல்ல செவப்பா. அதப் பாத்து அழுவாங்க, ஆனா அது மேலாக்கத்தான் இருக்கும், வெயில் படாம வச்சா நாளாவட்டத்துல போயிடும். சிலது குழி விடும். உள்ள சதை வெந்து கரைஞ்சு போச்சுன்னா அந்த இடம் நிரம்பாது. கறை போகும். குழி போகாது. எந்தக் களிம்பு பூசினாலும் போகாது. நான் எல்லாத்தையும் பூசிப் பாத்துட்டேன்."

கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பவுடர் எப்போதோ இறங்கியிருந்தது.

"எம் மூஞ்சியப் பாருடா பன்னி. இவ்வளவு நாளா யாரும் பாக்காத மாதிரியே பாத்துட்டிருந்தீங்க இல்ல, இப்பப் பாரு. அப்ப பதினாறு வயசு எனக்கு. ஊர் விழாவுல ஆட என்னைத் தேர்ந்தெடுத்திருந்தாங்க. கன்னத்துல உன்னுது மாதிரியே வந்துச்சு, கல்லு மாதிரி. அதே எலுமிச்ச மரத்து முள்ளுதான். அப்பாதான் ஒடிச்சுக் கொடுத்தாரு. நானே குத்தினேன். ஒண்ணு போய் நாலாச்சு, அந்த நாலையும் குத்தினேன். ஆட்டத்துல வேற பொண்ணு நின்னா. தொடாதேன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்ல ஆள் இருந்திருந்தா…" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உனக்கு ஆள் இருக்குடா. அதுக்குத்தான் இந்த அசிங்கமெல்லாம் பேசிட்டு உக்காந்திருக்கேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கும் ஓசைகூட இல்லை. பன்றி வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. குடிசையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இவ்வளவு பேசியும் பிரயோஜனமில்லை என்று எழுந்திருக்கப் போனபோது முதுகுக்குப் பின்னால் கதவு ஒரு சாண் திறந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"பன்னியாரே," என்றது ஃபெலேத்தியின் குரல். அக்காவிடம் பேசும் மரியாதை அப்படியே பன்றிக்குப் போயிற்று. "நீங்க சொல்றது சரிங்க. ஆனா வலி தாங்க முடியலைங்களே. என்ன பண்றதுங்க?"

"ஏய் பன்னி, குளிர்ந்த தண்ணியில துணிய நனைச்சு ஒத்து. அழுத்தாத. காலையில ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க இருக்கிற டாக்டரம்மா தலைநகர்லேருந்து வந்தவங்க. உனக்கு அக்கா முறையும் இல்ல, தங்கச்சி முறையும் இல்ல. தைரியமா மூஞ்சியக் காட்டலாம். மாத்திரை தருவாங்க."

"பன்னியாரே, மூஞ்சி உரிஞ்சு போகாதுங்களே? கெலேப்பிக்கு உரிஞ்சுதே?"

"கெலேப்பிக்கு உரிஞ்சதுக்கு வேற ஒரு பன்னி காரணம். கொழுப்பெடுத்த பன்னி. அதுக்கு அப்புறமா நான் தனியா திட்டிக்கிறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அந்தப் பன்னி மன்னிப்புக் கேக்கணும் மேடம்." கெலேப்பி உள்ளேதான் இருந்தான், தலையைப் பிடித்துக்கொள்ள.

"கேட்டாச்சுன்னு வச்சுக்க," என்றாள் லவீனியா.

ஏதோ ஒன்று அவள் தோளுக்கு மேலாகப் பறந்து வந்து பன்றியின் முன் விழுந்தது. எலுமிச்சை முள். பன்றி அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று தள்ளியது. லவீனியா அதை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்று அப்பா, "பன்னிக்கு ஏதாச்சும் சீக்கா? சாலோமே கேக்குறா" என்றார். "சரியாயிடும்ப்பா" என்றாள்.

மாநாட்டு ஞாயிறு வந்தது. வெளித்தீவுகளிலிருந்தெல்லாம் படகுகள் வந்து, சபையில் நிற்க இடமில்லை. எல்லோரும் எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் பாய் கட்டி, வெயிலிலும் விறைப்பாக இருந்தார்கள். பேண்டு எதிர்ப்பக்க மூலையில். லவீனியா பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். கறையா, குழியா? அவள் தூக்கவில்லை. ஊரார் அத்தனை பேர் முன்னால் தம்பியின் முகத்தை உற்றுப் பார்ப்பதற்குப் பன்றியோடு பேசிய துணிச்சல்கூடப் போதாது. தனி வாசிப்பு தொடங்கியது. டிரம்பெட் ஏறியது, இன்னும் ஏறியது, மேல் சுரத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. கண்ணாடி ஜன்னலெல்லாம் அதிர்ந்தன. மேளக்காரன் அடிக்கவே மறந்துவிட்டான்.

விருந்தில் பன்றி மேஜை நடுவில் பொன்னிறமாக வெந்து கிடந்தது. லவீனியாவால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் இரகசியமெல்லாம் அதற்குத் தெரியும். வள்ளிக்கிழங்கையும் தேங்காய்ப்பாலில் வெந்த இலைப்பொதியையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்த டிரம்பெட்காரன் தட்டிலும் வெறும் கிழங்குதான் இருந்தது என்று பின்னால் சாலோமே ஊரெல்லாம் சொன்னாள். அப்பா மட்டும் பன்றியின் தாடையைத் தேடி எடுத்து, "என்ன தோலுடா இது, ஒரு புள்ளி கிடையாது!" என்று ரசித்துத் தின்றார்.

செவ்வாய்க்கிழமை கெலேப்பி கடைக்கு வந்தான். புதுத் தோல் வந்து பழைய பீங்கான் தட்டாகிவிட்டான். கையில் துண்டில் சுற்றிய ஒரு பப்பாளி.

"கொடுத்துட்டு வரச் சொன்னான் மேடம். எதுவும் பேசக் கூடாதுன்னுட்டான்."

லவீனியா துண்டை விலக்கினாள். கண்ணும் மூக்கும் போட்டிருந்தது. மோவாயில் கத்திக்கோடு, இந்தத் தடவை சரியாக இடப்பக்கம். விதை இல்லை, அரிசி இல்லை, மிளகாய் இல்லை. தாடையில் மட்டும் கரியால் தீற்றிய ஒரு கருப்பு அடையாளம்.

அதன்மேல் கட்டைவிரலை வைக்கக் கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு மெதுவாகத் தேய்த்தாள். கரி விரலோடு வந்துவிட்டது. அடியில் தோல் வழவழவென்று இருந்தது. மறுபடியும் தடவிப் பார்த்தாள். பள்ளம் இல்லை.

"என்ன மேடம்? சரியா இருக்கா?"

"கறைதான்," என்றாள். கண்ணைத் துடைத்ததில் கரி அவள் கன்னத்தில் அப்பிக்கொண்டது; கெலேப்பி அதைச் சொல்லவில்லை. "கத்தி எடுத்துட்டு வா. பழம் நல்லாப் பழுத்திருக்கு, சாப்பிடலாம்."